முதல் சாவி

ஓட்டுநர் இருக்கையில் உட்காரப்போன ரஸ்ஸலின் முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. நேற்றுதான் இருக்கையைக் கடைசிவரை பின்னால் தள்ளிவிட்டுப் போயிருந்தான். இப்போது அது முன்னால் வந்து நின்றது, குள்ளமான அவன் மகள் ஜோசிக்குத் தோதான இடத்தில். ஜோசி போன குளிர்காலத்தில் கடலோடு போய்விட்டாள்.

"க்ளெண்டா, சீட்டை நீ நகர்த்துனியா?"

"என்னை உள்ளயே விடமாட்டேங்குது உன் வண்டி, நான் எங்க சீட்டை நகர்த்த?" சமையலறை ஜன்னலிலிருந்து மனைவியின் குரல், ஆட்டு சாப்ஸ் பொரியும் சத்தத்தோடு வந்தது. "ஊர்ல எல்லாருக்கும் கார் சாவி ரிப்பேர் பண்ணிக் குடுக்கிற. வீட்டுக் கார் மட்டும் ஷெட்ல தூங்குது. நாளையிலேருந்து எனக்கு அக்கரை ஆஸ்பத்திரியில டியூட்டி. வளைகுடாவை நீந்தியா தாண்டுறது?"

நீந்தி என்று சொல்லிவிட்டு அவள் சட்டென்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இந்தக் காருக்கு இரண்டு சாவிகள். பக்கத்தில் வந்தாலே கார் அடையாளம் கண்டுகொள்ளும் ரகம். அதனால் அலைச்சறுக்குக்குப் போகிறவர்கள் பழைய கார்களுக்குச் செய்வதுபோலச் சாவியைச் சக்கரத்தின்மேல் ஒளித்துவைக்க முடியாது. வைத்தால் கதவு தானாகத் திறந்துகொள்ளும். ஜோசி அதைத் தண்ணீர் புகாத பையில் போட்டு நெஞ்சோடு கட்டிக்கொண்டு போவாள். பலகை மட்டும் கரை ஒதுங்கியது. அவளும் வரவில்லை, சாவியும் வரவில்லை.

வீட்டிலிருந்த இரண்டாவது சாவியைத்தான் கார் இப்போது ஏற்க மறுக்கிறது. பேட்டரி புதிது. சிக்னல் ஒழுங்காகப் போகிறது. ரஸ்ஸல் ஓட்டுநர் இருக்கையை மறுபடி பின்னால் தள்ளிவிட்டுப் பக்கத்து இருக்கைக்கு மாறி, சாவிப் பதிவைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகி மடியில் வைத்துக்கொண்டான். ஜோசி ஓட்டும்போதெல்லாம் அவன் இடம் இதுதான். "பெல்ட்டைப் போடுப்பா. நீ போடாம வண்டி நகராது, தெரியும்ல?" என்று அதட்டுவாள். சில நாள் அவளே எட்டி இழுத்து மாட்டிவிடுவாள்.

திரை ஒளிர்ந்தது.

பதிவான சாவிகள்: இரண்டு. பதில் தரும் சாவி: முதலாவது.

அவன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தான். இரண்டாவது சாவியில் பழுதே இல்லை. கார்தான் வேறொரு சாவியோடு பேசிக்கொண்டிருக்கிறது. ஒரு கை நீட்டும் தூரத்துக்குள் இருந்தால்தான் கார் அதைக் கேட்கும். உப்புக் காற்றில் ஆன்டெனா அரித்திருக்கும், அதனால் உளறுகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். வெளியே டீ-ட்ரீ புதர்களுக்கு அப்பால் வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது, எங்கிருந்தோ அழுகிய கடற்பாசியின் வாடை ஷெட்டுக்குள் மெல்ல ஏறி, எண்ணெயும் ரப்பருமாக அவன் பழகியிருந்த மணத்தையெல்லாம் மூடியது, கான்கிரீட் தரையில் ஈரக்கால் இழுபடுவதுபோல் ஏதோ கேட்டது.

சாவி இருக்கும் இடம்: பின்கதவு.

திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை.

இதை நிறுத்த ஒரே வழிதான். எல்லாச் சாவிகளையும் அழித்துவிட்டு, கையிலிருப்பதை மட்டும் புதிதாகச் சேர்க்க வேண்டும். இத்தனை மாதமாக அதைச் செய்ய மனம் வராமல்தான் காரைச் சரிசெய்யாமல் விட்டிருந்தான். அவளைத் தெரியும் என்று சொல்ல இந்தக் கார் ஒன்றுதான் மிச்சம்.

அழிக்கவா? ஆம். இல்லை.

கட்டைவிரலை 'ஆம்' மேல் கொண்டுபோனான்.

சாவி இருக்கும் இடம்: ஓட்டுநர் கதவு.

கதவு திறந்தது. குளிர். மூடிக்கொண்டது.

சாவி இருக்கும் இடம்: உள்ளே.

"ஜோசி," என்றான். அழுகை பொங்கி வந்தது. தான் பெற்ற பிள்ளையை எந்தத் தகப்பன் அழிப்பான்? 'இல்லை'யை அழுத்தினான்.

ஓட்டுநர் இருக்கை முனகியபடி அவளுடைய இடத்துக்கு நகர்ந்தது. பின்பார்வைக் கண்ணாடிகள் அவள் உயரத்துக்குத் தாழ்ந்தன. இருக்கையின் மெத்தை அமுங்கியது. அதன் விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டியது.

என்ஜின் உயிர்பெற்றது.

"அப்பாடா! ஸ்டார்ட் ஆயிடுச்சா?" ஜன்னலில் க்ளெண்டா சிரித்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு. "சாவி கிடைச்சுதா அதுக்கு?"

கதவுப் பூட்டுகள் இறங்கின. பெல்ட் மணி அடிக்கத் தொடங்கியது. டாஷ்போர்டில் பெல்ட்டுக்கான இரண்டு சிவப்பு விளக்குகள். வலப்பக்க பெல்ட் தானாக நீண்டு வந்தது. மாட்டிக்கொண்டது. ஒரு விளக்கு அணைந்தது.

மணி நிற்கவில்லை.

இன்னொரு விளக்கு. அவனுடையது.

கார் நகராமல் காத்திருந்தது. ஷெட் வாசலிலிருந்து கடலுக்கு இறங்கும் சரிவைப் பார்த்து, பிரேக் அழுத்தப்பட்டபடி.

அவன் தோளருகே பெல்ட் மெல்ல வெளியே வந்தது. நெஞ்சின் குறுக்கே. ஈரமாக.