முதல் பட்டதாரிச் சான்று

செவ்வாய்க் குடியேற்றத்தின் வட்டாட்சியர் அலுவலகத்தில் அன்றும் வழக்கம்போல் வரிசை நீண்டிருந்தது. தங்கள் தலைக்குள் படிப்பு எதுவும் இல்லை என்று நிரூபிக்க வந்தவர்களின் வரிசை அது. ஒவ்வொருவராகக் குனிந்து பிடரியைக் காட்ட, இயந்திர எழுத்தர் வருடிப் பார்த்து முத்திரையிட்டது.

நிறைமதி தாயின் கையைப் பற்றியபடி நின்றாள். அக்காலத்தில் பட்டம் என்பது மண்டைக்குள் பதிக்கப்படும் ஓர் அறிவுவில்லை. மருத்துவ வில்லை ஒன்று வேண்டும் என்பது அவள் கனவு. அதன் விலையோ ஒரு சுரங்கத் தொழிலாளியின் ஆயுள் உழைப்பைக் கேலி செய்வது. மிஞ்சியிருந்த ஒரே வழி அரசின் கல்வி உதவி. அது குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கு மட்டுமே உரியது. வயது வரம்பு இவ்வாண்டோடு முடிகிறது. தவறினால் வாழ்நாள் முழுதும் சுரங்கத் தூசி கூட்ட வேண்டியதுதான்.

எழுத்தர் தாய் முத்துப்பேச்சியின் பிடரியை வருடியது. சிவப்பு விளக்கு எரிந்தது.

"தாய் பட்டதாரி. சுரங்கப் பொறியியல். விண்ணப்பம் தள்ளுபடி."

"பட்டதாரியா? நானா?" முத்துப்பேச்சி சிரித்தே விட்டாள். "பனிப்பாறை தோண்டுத மெசினு ஓட்டணும்னு கம்பெனிக்காரன் வச்ச வில்லைங்க அது. இவ வயித்துல இருக்கையில வச்சான். படிச்சவன்னு ஒரு பய எனக்கு நாற்காலி போட்டதில்ல."

"வில்லை இருந்தால் பட்டதாரி," என்றது எழுத்தர். "எடுத்துவிட்டால் இல்லை."

அடுத்த அறையில் வில்லை எடுக்கும் எபனேசர் தயங்கினான். "அக்கா, இத்தன வருசமா உள்ள கெடக்கு. வேர் விட்டிருக்கும். உருவினா, வச்சதுக்கப்புறம் நடந்ததெல்லாம் கூடவே வந்துரும். புதுசா எதுவும் மனசுல நிக்கவும் செய்யாது."

நிறைமதி எழுந்துவிட்டாள். "வேண்டாம்மா. வா, போவலாம்."

"ஏட்டி, உக்காரு. மறக்கக்கூடாதுங்குத மாதிரி என்னத்த நடந்துபோச்சு? எல்லாம் பனியும் தூசியுந்தான்." பிறகு அவள் குரல் தணிந்தது. "உன்னைய மறந்துட்டா நீயே சொல்லு. கேட்டுக்கிடுதேன்."

கிண்ணத்தில் விழுந்த வில்லை சாம்பல் நிறத்தில், ஒரு மூலை உடைந்து கிடந்தது. அரசுக் கிடங்குக்கு உரியது என்று எபனேசர் அதை உறையிலிட்டான்.

அதன்பின் நிறைமதி நாள்தோறும் சொன்னாள். முத்துப்பேச்சியும், யாரோ ஒருத்தியின் கதையைக் கேட்பவள்போல் மரியாதையாகக் கேட்டாள். மறுநாள் காலையோ, "நீங்க யாரும்மா?" என்றாள்.

அரசு சொன்ன சொல் தவறவில்லை. சான்று கிடைத்தது, உதவியும் வந்தது. எழுத்தர் நீட்டிய பெட்டியை நிறைமதி திறந்தாள். நினைவுகள் துடைக்கப்பட்ட, மூலை உடைந்த அம்மாவின் வில்லை.

"நான் மருத்துவம்ல கேட்டேன்?"

"இருப்பில் உள்ளது இது மட்டுமே. மறுத்தால் உதவி ரத்தாகும்."

பதித்துக்கொண்டாள். பனிப்பாறை எங்கே தட்டினால் பிளக்கும் என்று இப்போது அவளுக்குத் தெரிந்தது. அந்த அறிவின் எந்த மூலையிலும் அம்மா இல்லை.

"வாழ்த்துகள்," என்றது எழுத்தர். "உங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நீங்கள்."

வெளியே பலகையில் காத்திருந்த முத்துப்பேச்சி, கையில் சான்றோடு வந்த அவளைக் கண்டதும் பதறி எழுந்தாள்.

"உக்காருங்கம்மா. படிச்சவுக நிக்கலாமா?" வெறும் வயிற்றின்மேல் அவள் கை தானாகப் படிந்தது. "உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். பொண்ணு பொறந்தா பெரிய படிப்பு படிக்க வைக்கணும்னு ஆச. அரசாங்கத்துல உதவி ஏதும் குடுப்பாவளா?"

நிறைமதி பலகையின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"குடுப்பாவ. ஆனா, அதுக்கு முன்னால உங்க வீட்டுல யாரும் படிச்சிருக்கக் கூடாது."

முத்துப்பேச்சியின் முகம் மலர்ந்தது.

"அப்பாடா! எங்க வீட்டுல படிச்சவுக யாருமே இல்லம்மா."