வெளியே வந்துட்டேன்

மத்தியானச் சாப்பாடு முடித்து விமான நிலைய ஓடுபாதைப் பிரிவின் தகரக் கொட்டகைக்குள் அவன் நுழைந்தபோது, கூட வேலை பார்க்கும் மொட்டையண்ணன் டீ உறிஞ்சிக்கொண்டிருந்தார். அவன் வேலைக்குச் சேர்ந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. இதற்கு முன் இங்கே இருந்தவன் அவன் மனைவியின் அண்ணன். போன மழைக்காலத்தில் இறங்கிய விமானம் ஒன்று அந்த மச்சானை ஜீப்போடு அரைத்துவிட்டது. உடம்பைப் பொறுக்கித்தான் எடுத்தார்கள். வலது கை மட்டும் கிடைக்கவே இல்லை.

அவனைக் கொன்றது ஒரு கெட்ட பழக்கம். ஓடுபாதையைச் சோதித்துவிட்டு, "வெளியே வந்துட்டேன்" என்று வாக்கிடாக்கியில் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குச் சொல்ல வேண்டும். அதைக் கேட்டபிறகே அடுத்த விமானத்தை இறங்க விடுவார்கள். மேலே விமானங்கள் காத்திருந்தால் கோபுரம் அவசரப்படுத்தும். ஜீப் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும்போதே வாய் முந்திக்கொள்ளும். மச்சானும் அப்படிச் சொன்னான். சொன்ன கையோடு ஜீப் நின்றுபோனது.

"நாலு சக்கரமும் புல்லுல ஏறின பிறகுதான் வாயைத் திறக்கணும். என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க" என்றிருந்தாள் மனைவி. செய்து கொடுத்திருந்தான்.

"வந்துட்டாருய்யா உத்தமரு" என்று மொட்டையண்ணன் சிரித்தார். "நீ புல்லைத் தேடிப் போறதுக்குள்ள மேல இருக்கறவன் டேங்க் காலியாயிடும்."

அப்போதுதான் காற்று திசை மாறியது. வானம் புழுதியால் பழுப்பேறியது. விமானம் எதிர்காற்றில்தான் இறங்கும். எனவே இதுவரை ஒரு முனையிலிருந்து வந்தவை இனி மறுமுனையிலிருந்து வர வேண்டும். வரிசையில் வந்தவற்றையெல்லாம் வானத்திலேயே சுற்றவிட்டார்கள். பாதையை ஒருமுறை சோதித்தால்தான் திறப்பார்கள்.

"அண்ணே, மேல ஒரே நெரிசல்" என்றாள் கோபுரத்துப் பெண். "சீக்கிரம் பாத்துட்டு வந்துடுங்க."

விமானம் வரப்போகும் முனையைப் பார்த்து ஜீப்பை ஓட்டினான். முதுகைக் காட்டி ஓட்டக் கூடாது என்பது இங்கே எழுதாத சட்டம். புழுதி கண்ணாடியில் உரசியது. பாதி தூரத்தில் கறுப்பாக ஏதோ கிடந்தது. அடிபட்ட பறவை என்று நினைத்து இறங்கினான்.

கருகிய ரப்பர் நாற்றத்தோடு பச்சை இறைச்சி வாடையும் அடித்தது.

ஒரு கை.

முழங்கையோடு பிய்ந்திருந்தது. நரம்புகளிலிருந்து ரத்தம் இன்னும் சொட்டியது. விரல்கள் ஒரு வாக்கிடாக்கியை இறுக்கிப் பிடித்திருந்தன.

மூக்கைப் பொத்திக்கொண்டான். ஆனாலும் ஒரு போல்ட் கிடந்தாலே எஞ்சினை உடைக்கும். எதையும் அங்கே விட்டுவிட்டுப் போக முடியாது. கண்ணை மூடிக்கொண்டு அதை அள்ளிப் பக்கத்து இருக்கையில் போட்டான். ஏறி உட்கார்ந்து நிமிர்ந்தான்.

ஜீப்பின் மூக்கு மறுபக்கம் திரும்பியிருந்தது.

"ஓடுபாதை காலி. வெளியே வந்துட்டேன்."

அவன் குரல்தான். அவன் உதடு அசையவில்லை.

"ரொம்ப நன்றிண்ணே" என்றாள் கோபுரத்துப் பெண். "இறங்க அனுமதி குடுத்துட்டேன்."

"இல்லம்மா, நான் உள்ளதான்..." என்று தன் வாக்கிடாக்கியைத் தூக்கினான். இருக்கையிலிருந்த கை எகிறி அவன் கழுத்தைப் பிடித்தது. கட்டை விரல் தொண்டைக்குள் இறங்கியது. குருத்தெலும்பு நொறுங்கும் சத்தம் அவன் காதுக்கே கேட்டது.

"மாப்ள" என்று யாரோ கிசுகிசுத்தார்கள். "என்ன அவசரம்?"

பின்பக்கக் கண்ணாடியில் இரண்டு விளக்குகள் பெரிதாகிக்கொண்டிருந்தன.

உயிர்ப் பயம் அவனை மிருகமாக்கியது. காலடியில் கிடந்த ஸ்பேனரை எடுத்து அந்தக் கையை அடித்தான். குறி தப்பி அவன் தாடையிலேயே விழுந்தது. பற்கள் வாய்க்குள் உதிர்ந்தன. மறுபடி அடித்தான். விரல்கள் ஒவ்வொன்றாக முறிந்தும் பிடி தளரவில்லை. குனிந்து அந்த மணிக்கட்டைக் கடித்துக் கிழித்தான். வாயெல்லாம் ரத்தம். அது யாருடையது என்று தெரியவில்லை.

ஆக்ஸிலேட்டரை மிதித்து ஸ்டியரிங்கை ஒடித்தான். ஜீப் புல்லில் பாய்ந்து கவிழ்ந்தது. விமானம் தலைக்கு மேல் இடியாக இறங்கிப் பாதையின் கடைசிக்கு ஓடி மறைந்தது.

ஆம்புலன்ஸின் கதவு திறந்திருந்தது. ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே ஓடுபாதையைப் பார்க்க முடிந்தது. மொட்டையண்ணன் குனிந்து அவன் தோளைத் தொட்டார்.

"வீட்டுக்குச் சொல்லியாச்சு, உன் பொண்டாட்டி வந்துக்கிட்டிருக்கா. மேல இன்னும் சுத்திக்கிட்டுதான் இருக்காங்க. நான் ஒரு நடை பாத்துட்டு வந்துடறேன்."

போகாதீர்கள் என்று சொல்ல வாயைத் திறந்தான். நசுங்கிய தொண்டையிலிருந்து காற்றும் ரத்தமும்தான் வந்தன. அவர் சட்டையைப் பிடித்தான். குழந்தையின் கையை விலக்குவது போல விலக்கிவிட்டு அவர் போனார்.

இரண்டாவது ஜீப் புழுதிக்குள் நுழைந்தது. பாதி தூரத்தில் நின்றது. மொட்டையண்ணன் வெறுங்கையோடு இறங்கி, தரையில் எதையோ உற்றுப் பார்த்தார். குனிந்தார்.

ஆம்புலன்ஸ் வாக்கிடாக்கியில் அவர் குரல் தெளிவாகக் கேட்டது.

"ஓடுபாதை காலி. வெளியே வந்துட்டேன்."

"ரொம்ப நன்றிண்ணே. இறங்க அனுமதி குடுத்துட்டேன்."

அவன் ஸ்ட்ரெச்சரை ஓங்கி ஓங்கி அடித்தான். வலியில் துடிக்கிறான் என்று நினைத்து, நர்ஸ் அவன் கைகளைப் பட்டையால் கட்டினாள்.

தூரத்தில் மொட்டையண்ணன் நிமிர்ந்து, கண்டெடுத்ததை அவனுக்குத் தெரியும்படி உயர்த்திக் காட்டினார். அவருக்குப் பின்னால் ஜீப் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. உள்ளே ஆளில்லை.