ஸ்விட்சுக்குள் இடம் இல்லை!

வயலில் கூட்டமாக மேய்கின்றனவே வாத்துகள், அவை முட்டை போடுவதில் கெட்டிக்காரிகள். அடைகாக்க மட்டும் உட்காரச் சொல்லிப் பாருங்கள்! போட்டோமா, போனோமா என்று அடுத்த வயலுக்கு நடையைக் கட்டிவிடும்.

அப்படிப்பட்ட வாத்துகளின் முட்டைகள்தான் ஹுமைராவின் தெர்மகோல் பெட்டிக்குள் இருந்தன. அவள் தோழி அறிவுமதியிடம், "எடுத்துக்க பாப்பா" என்று வாத்து மேய்ப்பவர் கொடுத்தவை. அறிவுமதி வீட்டுக் கோழியோ முட்டைகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டது. அதனால் அதிராம்பட்டினத்தில், ஹுமைரா வீட்டில், ஒரு குண்டு பல்பு அடைகாத்தது.

பல்பைக் கவனித்துக்கொண்டது ஒரு ஸ்மார்ட் ஸ்விட்ச். வாப்பா துபாயிலிருந்து அனுப்பியது. அதிலிருந்து நீண்ட வால் மாதிரி ஒரு ஒயர் பெட்டிக்குள் போகும். அதன் நுனி சூட்டையும் ஈரத்தையும் அளக்கும். சூடு குறைந்தால் பல்பு எரியும். கூடினால் அணையும்.

சனிக்கிழமை காலையில் உம்மாவின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. ஹுமைரா படித்தாள். அவள் முகம் வாடியது.

"என்னடி ஆச்சு?" என்றாள் அறிவுமதி.

"ஸ்விட்ச் செஞ்ச கம்பெனியை மூடுறாங்களாம். நாளையிலேருந்து இந்த ஆப் வேலை செய்யாதாம்."

"அதனால என்ன? ஸ்விட்ச் நம்ம வீட்லதானே இருக்கு?"

"இது ஒவ்வொரு தடவையும் அந்தக் கம்பெனி கம்ப்யூட்டரைக் கேட்டுத்தான் பல்பைப் போடும்."

"இங்க பல்பு எரிய எங்கியோ இருக்கற கம்ப்யூட்டர்கிட்ட பர்மிஷன் கேக்கணுமா? நம்ம ஹெட்மாஸ்டரை விட மோசமா இருக்கே!"

குஞ்சு பொரிய இன்னும் சில நாள்தான் இருந்தது. சூடு கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. இருவரும் பள்ளிக்குப் போகாமல் பெட்டி முன்னால் உட்கார்ந்திருக்க முடியுமா?

ஹுமைரா திடீரென்று துள்ளி எழுந்தாள். "ஸ்விட்சோட மூளையை மாத்திடலாம்!"

அவள் சொன்னது உண்மைதான். இந்த மாதிரிக் கருவிக்குள் அதை நடத்தும் மென்பொருள் ஒன்று இருக்கும். ஃபர்ம்வேர் என்பார்கள். கம்பெனி போட்டதை எடுத்துவிட்டு வேறொன்றைப் போடலாம். பல ஊர்க்காரர்கள் சேர்ந்து எழுதி, யாரும் படிக்கலாம், யாரும் மாற்றலாம் என்று இலவசமாகத் திறந்து வைத்த ஃபர்ம்வேர் அது. இந்த ஸ்விட்சில் இன்னொரு வசதி, ஸ்குரூவைக்கூடக் கழற்ற வேண்டாம். வைஃபையிலேயே ஏற்றிவிடலாம்.

தேடினார்கள். மூன்று பதிப்புகள் இருந்தன. ஒன்று ஆங்கிலம். ஒன்று தமிழ், கொஞ்சம் பெரியது. மூன்றாவது சுண்டைக்காய் அளவு.

"இந்தக் குட்டிக்குப் பல்பு போடத் தெரியாது, சூடு பாக்கத் தெரியாது. அப்புறம் எதுக்குடி இது? சரியான மக்கு!" என்று சிரித்தாள் அறிவுமதி. "இங்கிலீஷையே போட்டுடு. சின்னதா இருக்கு, சட்டுனு ஏறிடும்."

"நாம ஸ்கூலுக்குப் போனா முட்டையை யாரு பாத்துக்குவா?"

"அத்தைதான்."

"உம்மாவுக்கு இங்கிலீஷ் படிக்க வராதே. போன வாரம் ஏதோ பட்டனை அமுக்கிட்டு எவ்வளவு பயந்து போனாங்க! தமிழ்தான் வேணும்."

தமிழ்ப் பதிப்பை ஏற்றினார்கள். உடனே திரையில் வந்தது: 'இடம் போதாது.'

"போன்ல இடமில்ல போல" என்றாள் அறிவுமதி.

உம்மா போனில் எதற்குத்தான் இடம் இருந்தது? வெள்ளிக்கிழமை ஆனால் எல்லா மாமிகளும் மாமாக்களும் அனுப்பும் ஜும்ஆ முபாரக் வாழ்த்துப் படங்கள்! ரோஜாப்பூவோடு ஒன்று, புறாவோடு ஒன்று, அதே புறா மறுபடியும். உம்மாவிடம் கேட்டுக்கொண்டு இருவரும் கை வலிக்க அழித்தார்கள்.

மறுபடி ஏற்றினார்கள். 'இடம் போதாது.'

"எம் பூவெல்லாம் போச்சு, இன்னும் இடம் இல்லையா?" என்றார் உம்மா.

ஹுமைரா திரையில் வந்ததை மெதுவாக, முழுசாகப் படித்தாள். "ஐயோ! இடம் இல்லாதது போன்ல இல்ல. ஸ்விட்சுக்குள்ள! புதுசு முழுசா வந்து சேர்ற வரைக்கும் பழசு இடத்தை விட்டு எழுந்திருக்காதாம். ரெண்டும் சேர்ந்து இருக்க உள்ள இடமில்ல."

"பழசைத் துரத்திடு!"

"துரத்திட்டா உள்ள யாருமே இருக்க மாட்டாங்களே. புதுசை யாருடி கூப்பிட்டு உக்கார வைப்பா?"

சொல்லும்போதே அவளுக்குச் சாச்சியின், அதாவது சித்தியின், கல்யாணம் ஞாபகம் வந்தது. ஒரே தட்டைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து சாப்பிடும் சஹன் சாப்பாடு. சின்ன ஹால். ஒரு பந்தி எழுந்தால்தான் அடுத்த பந்தி. நடுவில் ஒரே ஒருவர் விரிப்பை உதறிப் போட்டுவிட்டு, வாசலில் நின்று "வாங்க, வாங்க" என்று கூப்பிடுவார்.

"அறிவு! அந்த மக்கு மக்கே இல்ல! அதுதான் விரிப்பு போடுற ஆளு!" என்று கத்தினாள் ஹுமைரா. "முதல்ல அந்தக் குட்டி உள்ள போகட்டும். பழசு எழுந்துடும். குட்டி ஒரு மூலையில நின்னுக்கிட்டுத் தமிழைக் கூப்பிடும்!"

"ஆனா குட்டி இருக்கற வரைக்கும் பல்பு எரியாதே?"

"உம்மா! வெந்நீர்!"

உம்மா பல்பின் ப்ளக்கைக் கழற்றினார். பாட்டில்களில் வெதுவெதுப்பாக வெந்நீர் நிரப்பித் துணி சுற்றிக் கொடுத்தார். அறிவுமதி அவற்றை முட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

குட்டிப் பதிப்பு சர்ரென்று ஏறியது. பழையது போயே போய்விட்டது. அடுத்து தமிழ். பத்து சதவீதம்... நாற்பது... எழுபது...

"யாரும் மூச்சு விடாதீங்க" என்றாள் அறிவுமதி.

"மூச்சுக்கும் வைஃபைக்கும் என்னடி சம்பந்தம்?"

நூறு! ஆனால் திரை வெள்ளையாகிவிட்டது. ஸ்விட்சின் விளக்கும் அணைந்துவிட்டது.

"போச்சா?" என்றாள் ஹுமைரா.

மினுக். நீல விளக்கு ஒருமுறை கண் சிமிட்டியது. பிறகு திரையில் தமிழ் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. வெப்பம். ஈரப்பதம். பல்பு.

சூடு எவ்வளவைத் தாண்டக்கூடாது, ஈரம் எவ்வளவுக்குக் கீழே குறையக்கூடாது என்று ஹுமைரா அதில் குறித்தாள். உம்மா பல்பின் ப்ளக்கை மறுபடி செருகினார். திரையைத் தன் பக்கம் திருப்பி, எழுத்துக் கூட்டாமல், கணீரென்று படித்தார்: "பல்பு, எரிகிறது!"

பெட்டிக்குள் பல்பு எரிந்தது. தோழிகள் போட்ட கூச்சலில் வாசல் பூனை ஓடியே போனது.

சில நாள் கழித்துப் பள்ளி விட்டு வந்தார்கள். வாசலிலேயே உம்மா விரலை உதட்டில் வைத்துக்கொண்டு நின்றார்.

"சத்தம் போடாம வாங்க. காலைல நீங்க போனதும் பாத்தா, 'ஈரப்பதம் குறைவு'ன்னு செவப்பா எழுதியிருந்துச்சு. ஈரம் இல்லன்னா சவ்வு காஞ்சு குஞ்சு உள்ளயே மாட்டிக்கும்னு நீதானே சொன்ன? கிண்ணத்துல வெந்நீர் வெச்சேன். செவப்பு பச்சையாயிடுச்சு. அப்புறம்..."

பெட்டிக்குள் இருந்து "க்வீச்!" என்று ஒரு குரல் வந்தது. பின்னாலேயே இன்னொன்று. ஈரம் காயாத மஞ்சள் தலைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி எட்டிப் பார்த்தன.

குஞ்சுகள் கண் திறந்ததும் முதலில் பார்த்தது உம்மாவின் முகத்தைத்தான். முதலில் பார்ப்பவரையே தாய் என்று நம்பிவிடுவது வாத்துக்குஞ்சுகளின் வழக்கம். அதனால் மறுநாளிலிருந்து உம்மா அடுப்படிக்குப் போனால் அவையும் வரிசையாகப் போயின. உம்மா நின்றால் நின்றன.

துபாயிலிருந்து வீடியோவில் பேசிய வாப்பா கண்ணைக் கசக்கிக்கொண்டு கேட்டார்: "என்ன இது, நான் ஊர்ல இல்லாத நேரத்துல குடும்பம் இவ்வளவு பெருசாயிடுச்சு?"

தோளில் ஏறிய குஞ்சை இறக்கிவிட்டபடி உம்மா சொன்னார்: "எல்லாம் உங்க மக செஞ்ச வேலை! இப்ப எந்தப் பக்கம் திரும்பினாலும் நான்தான் உம்மா!"