எண்ணெய் தேய்த்த குதிரை

"எங்க நைனா திருடன் இல்ல!"

லோகாம்பாள் போட்ட கத்தலில், கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். குதிரையும் திரும்பிப் பார்த்தது.

கத்தாமல் என்ன செய்வாள்? கோட்டைக்குப்பத்தில் அவள் அப்பா செங்கல்வராயனைப் போல நேர்மையான படகுக்காரர் கிடையாது. அவரைப் போய் ஊரார் முன்னால் நிறுத்தி, குதிரைத் திருடன் என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்?

நடந்தது இதுதான். அப்போது பழவேற்காட்டில் ஒல்லாந்துக்காரர்களின், அதாவது டச்சுக்காரர்களின், கோட்டை இருந்தது. துணி வியாபாரி துளசிங்கம் பாரசீகத்திலிருந்து கப்பலில் ஒரு குதிரையை வரவழைத்திருந்தார். பெரிய கப்பல் கரைக்கு வராது, கடலிலேயே நின்றுவிடும். அங்கிருந்து குதிரையைப் படகில் ஏற்றிக் கொண்டுவந்தது செங்கல்வராயன்தான். அவர் வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்து, கோட்டைக் கதவை மூடிவிட்டார்கள். அதனால் குதிரை செங்கல்வராயன் வீட்டு வாசலிலேயே தங்கியது.

காலையில் குதிரை வைத்தியர் சகாதேவனும், கோட்டைக் கணக்கரும், இரண்டு காவலர்களும் வந்தார்கள். கப்பலோடு வந்த ஓலையில் எழுதியிருக்கும் குதிரை இதுதானா என்று வைத்தியர் சோதித்துச் சொல்லவேண்டும். ஆமாம் என்றால் கணக்கர் முத்திரை போடுவார். அதற்குப் பிறகுதான் குதிரை துளசிங்கத்துக்குச் சொந்தம்.

வைத்தியர் பல்லைப் பார்த்தார். குளம்பைத் தட்டினார். வயிற்றில் காதை வைத்துக் கேட்டார். அந்த நேரம் பார்த்து குதிரை அவருடைய தலைப்பாகையைக் கவ்வி இழுத்தது.

"உடம்புல ஒரு குறையும் இல்ல," என்று சொல்லித் தலைப்பாகையைப் பிடுங்கிக்கொண்டார். "ஓலையைப் படிங்க."

கணக்கர் படித்தார். "வெள்ளைக் குதிரை. நெற்றியில் ஒற்றைச் சுழி."

எல்லோரும் குதிரையைப் பார்த்தார்கள். அது அடுப்புக்கரி மாதிரி கறுப்பாக நின்றது. நெற்றி மயிர் அப்பிக் கிடந்தது. சுழியையே காணோம்.

வைத்தியர் குதித்தார். "வெள்ளைக் குதிரைய எவனுக்கோ வித்துட்டு, கறுப்புக் குதிரையக் கட்டி வெச்சிருக்கியா? திருட்டுப்பயலே! இவனக் கோட்டைக்கு இழுத்துட்டுப் போங்க. படகையும் பிடிச்சு வைங்க!"

செங்கல்வராயன் பதறிப்போனார். "ஐயா, இது அதே குதிரைதான்! கடல் தண்ணி பட்டு அதுக்குத் தோலெல்லாம் வெடிச்சிருந்துச்சு. பாவம்னு சுறா எண்ணெய் தேச்சேன். தேச்ச கையோட அது ஏரிக் கறுப்புச் சேத்துல போய்ப் புரண்டுடுச்சு."

"குதிரைக்கு எவனாவது சுறா எண்ணெய் தேய்ப்பானா?"

"படகுக்குத் தேய்க்கிறோமே ஐயா! உப்புத்தண்ணில போய் வந்ததும் எண்ணெய் தேச்சாதான பலகை வெடிக்காம இருக்கும்?"

வைத்தியர் விழுந்து விழுந்து சிரித்தார். காவலர்களும் சிரித்தார்கள். அப்போதுதான் லோகாம்பாள் அப்படிக் கத்தினாள்.

"சிரிக்காதீங்க! தண்ணி ஊத்திப் பாருங்க!"

கணக்கர் ஒரு குடம் தண்ணீரை ஊற்றச் சொன்னார். தண்ணீர் முதுகில் ஒட்டாமல் உருண்டு ஓடியது. கறுப்பு அப்படியே இருந்தது.

"பாத்தியா? பிறவிக் கறுப்பு," என்றார் வைத்தியர். காவலர்கள் செங்கல்வராயனின் கையைப் பிடித்தார்கள்.

லோகாம்பாள் குறுக்கே போய் நின்றாள்.

"யாரும் நகரக்கூடாது!" என்றாள். "எண்ணெயைத் தண்ணி இன்னா பண்ணும்? எங்க நைனா வேட்டிய வெறும் தண்ணிலயா துவைக்கிறேன்?"

வீட்டுக்குப் பின்னால் ஓடினாள். உப்புப் பூத்துக் கிடந்த உவர்மண்ணைக் கூடை நிறைய அள்ளினாள். எண்ணெய்ப் பிசுக்குத் துணியை அந்த மண்ணைப் போட்டுத்தான் அவள் எப்போதும் துவைப்பாள்.

"முனியம்மா அக்கா! கஞ்சிக்கு வெச்ச வெந்நியக் குடு!"

பக்கத்து வீட்டு முனியம்மாள் எட்டிப் பார்த்தாள். "இன்னாடி, குதிரைக்கா?"

"எங்க நைனாவுக்கு!"

வெந்நீரில் பச்சைத் தண்ணீர் கலந்து, கை பொறுக்கும் சூடாக்கி, மண்ணைக் கரைத்தாள். குதிரை மிரண்டு பின்வாங்கியது. லோகாம்பாள் அதன் கழுத்தைத் தடவினாள்.

"பயப்படாத. எனக்கு உன் மேல கோவம் இல்லடா," என்றாள்.

அவளுடைய கண் வைத்தியரை முறைத்தது. கை மட்டும் மெதுவாகத் தேய்த்தது, வெடித்த தோல் வலிக்கக்கூடாது அல்லவா? கொஞ்ச நேரத்தில் குதிரை சொக்கிப்போய் அவள் தோளில் தாடையை வைத்துக்கொண்டது.

கறுப்பு கறுப்பாக நுரை வழிந்தது. முதலில் கழுத்து வெளுத்தது. அப்புறம் முகம். நல்ல தண்ணீரை ஊற்றியதும், நெற்றியில் வெள்ளை மயிர் சுழன்று நின்றது.

"ஒற்றைச் சுழி," என்றார் கணக்கர்.

காவலர்கள் செங்கல்வராயனின் கையை விட்டார்கள். கணக்கர் முத்திரையை எடுத்தார். வைத்தியர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு குதிரையின் கயிற்றுக்குக் கை நீட்டினார்.

லோகாம்பாள் கயிற்றைத் தரவில்லை.

"குதிரையக் கழுவியாச்சு ஐயா. எங்க நைனாவத் திருடன்னு சொன்னீங்களே, அத்த யாரு கழுவுறது?"

"சரி, சரி. தப்புதான். விடும்மா," என்று முணுமுணுத்தார் வைத்தியர்.

"எங்கிட்ட சொல்லாதீங்க. திருடன்னு நீங்க கத்துனது ஊருக்கே கேட்டுச்சு. இதுவும் அதே மாதிரி கேக்கணும்."

வைத்தியர் கணக்கரைப் பார்த்தார். கணக்கர் ஓலையைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் வைத்தியர் குரலை உயர்த்தினார்.

"செங்கல்வராயன் திருடன் இல்ல! நான்தான் அவசரப்பட்டுட்டேன். மன்னிச்சிடுங்க!"

"வலை உலத்துறவங்களுக்குக் கேக்கல," என்றாள் லோகாம்பாள்.

வைத்தியர் தொண்டை கிழிய இன்னொரு முறை கத்தினார். கரையிலிருந்து, "கேட்டுச்சு, கேட்டுச்சு!" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகுதான் அவள் கயிற்றைக் கொடுத்தாள்.

குதிரை கோட்டைப் பக்கம் போய் மறைந்ததும், செங்கல்வராயன் மெதுவாக மகளின் பக்கத்தில் வந்து நின்றார்.

"கோவம் போச்சா கண்ணு?"

"பாதிதான் போச்சு."

"மீதி யார் மேல?"

"உன் மேலதான்! படகு எது, குதிரை எதுன்னு தெரியாதா உனக்கு? என் பாவாடையப் பாரு, ஒரே எண்ணெயும் சேறும்! இத்த நீதான் துவைக்கணும்."

செங்கல்வராயன் கூடையை எடுத்துக்கொண்டு உவர்மண் அள்ளப் போனார்.