பெருவிரல் துணி

ஓடுகிறவர்களின் காலடி ஒன்று மாற்றி ஒன்றாகத்தான் கேட்கும். செவந்திக்குப் பின்னால் கேட்டது அப்படி இல்லை. தொப். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடியும் தொப். இரண்டு காலையும் சேர்த்து வைத்து யாரோ தத்தித் தத்தி வருவதுபோல இருந்தது.

அவள் நிற்கவில்லை. மார்கழிப் பனி மொட்டைப் பாறை மலையைப் பாதி வரை விழுங்கியிருந்தது. அடிவாரத்தைச் சுற்றிப் போகும் சரளைப் பாதைக்கு இரண்டு பக்கமும் இடுப்பளவுப் புல் ஈரத்தில் தலை சாய்ந்து கிடந்தது. தைலமரத் தோப்பிலிருந்து வந்த காற்றில் தலைவலி மருந்தின் வாசனை அடித்தது. விடிந்தும் விடியாத வெளிச்சம். எங்கோ ஒரு மயில் அகவத் தொடங்கிப் பாதியில் அடங்கியது.

போலீஸ் செலக்சனுக்குத் தயாராகும் பிள்ளைகள் இந்தப் பாதையில்தான் ஓடுவார்கள். அக்கா கலைமதியும் இங்கேதான் ஓடினாள், கொரோனா அவளைக் கொண்டுபோகும் வரை. அவள் விட்ட ஓட்டத்தைத்தான் இப்போது செவந்தி ஓடுகிறாள்.

எதிரே சூர்யபிரகாஷ் மூச்சிரைக்க வந்தான். அவனும் செலக்சனுக்கு ஓடுகிறவன்.

"என்ன ஏட்டம்மா, திருடனப் புடிக்கச் சொன்னா மாடு பத்திக்கிட்டு வாரீக?"

"நீ மொதல்ல தொப்பையக் கொறைடா. ஒன்னய ஓட விடமாட்டாங்க, உருட்டித்தான் விடுவாங்க."

சிரித்துக்கொண்டே கடந்தவன் சற்றுத் தள்ளி நின்று திரும்பினான்.

"ஒத்தையிலயா வந்த?"

"ஆமா. ஏன்?"

"இல்ல, சாக்கு ஓட்டம் ஓடுற மாதிரி சத்தம் கேட்டுச்சு. யாரையோ கூட்டியாந்து பழக்குறன்னு நெனச்சேன்." பனிக்குள் எட்டிப் பார்த்தான். முகத்தில் சிரிப்பு இல்லை. "சரி, வெரசா வீட்டுக்குப் போ. நானும் கெளம்புறேன்."

சற்று நேரத்தில், பாதையோரம் அவன் நிறுத்தியிருந்த பைக்கின் சத்தம் கிளம்பித் தேய்ந்து மறைந்தது.

சாக்கு ஓட்டம். அந்தச் சொல்லைக் கேட்டதும் செவந்திக்கு அக்காவின் கட்டிய கால்கள் நினைவுக்கு வந்தன.

இறந்தவரின் கால் பெருவிரல்கள் இரண்டையும் துணியால் சேர்த்துக் கட்டுவார்கள். குழியில் இறக்கும் முன் அவிழ்த்து விடுவார்கள். அவிழ்த்தால்தான் போகிறவர் போக முடியும். அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் கட்டினார்கள். கட்டியது கட்டியபடியே பாலிதீனில் சுற்றி வந்தது. மலையடிப் புறம்போக்கில் இயந்திரம் தோண்டிய நீளக் குழியில், வரிசையாகப் பலரோடு அவளையும் இறக்கினார்கள். வீட்டார் தூரத்தில் நின்று கும்பிட்டதோடு சரி.

அம்மா ராசாத்தி இன்றைக்கும் சோற்றில் கை வைத்தபடி அழுவாள். "எம்புள்ள காலக் கட்டிப்போட்டு அனுப்பிட்டேனே. காத்தா ஓடுனவ, அந்தக் காலோட எங்கிட்டுப் போவா? ஒருக்கா அவுத்து விட்டுட்டா போதும், நான் நிம்மதியாக் கண்ண மூடுவேன்."

தொப்.

கூடவே ஒரு சரசரப்பு. புல் உரசுகிறது என்று நினைத்தாள்.

புல் இல்லை. பாலிதீன்.

இன்னும் ஒரு வளைவுதான். தாண்டினால் தார் ரோடு. டீக்கடை. ஆட்கள். செவந்தி பாய்ந்து ஓடினாள். நெஞ்சு எரிந்தது. பின்னால் தத்தலும் வேகமெடுத்தது. விழுந்த சத்தம். எழுந்த சத்தம். அப்புறம் மூச்சு. இழுத்து விடும்போது முடிவில் மெல்லிய விசில் கேட்கும் மூச்சு. கடைசி நாட்களில் அக்கா விட்ட மூச்சு.

எப்போதும் முன்னால் ஓடி, வளைவில் நின்று தங்கைக்காகக் காத்திருந்தவள். இன்று எட்டிப் பிடிக்க முடியாமல் தவிக்கிறாள்.

செவந்தி நின்றாள். முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. தலை குனிந்தபடியே திரும்பி மண்டியிட்டாள்.

கிழிந்த பாலிதீனுக்குக் கீழே இரண்டு கால்கள். செம்மண் அப்பியிருந்தது. பெருவிரல்களில் இறுகிக் கறுத்த துணி.

"வந்துட்டேன்க்கா. செத்த பொறு."

முடிச்சு நகத்துக்கு அசையவில்லை. குனிந்து பல்லால் கடித்து இழுத்தாள். வாயெல்லாம் மண். துணி அறுந்தது. விரல்கள் மெல்ல விலகின.

உச்சந்தலையில் ஒரு கை. சில்லென்று இருந்தது. ஒரு கணம்தான்.

பிறகு காலடி. ஒன்று மாற்றி ஒன்றாக, இலேசாக, வேகமாக, வளைவைத் தாண்டி, கேட்காத தூரத்துக்குப் போயிற்று. செவந்தி அழுதுகொண்டே சிரித்தாள். அம்மாவிடம் சொல்ல வேண்டும். இப்போதே.

எழுந்திருக்கக் கையை ஊன்றினாள்.

தொப்.

இடப்பக்கம், புல்லுக்குள்ளிருந்து.

தொப். தொப். வலப்பக்கம். மலைச்சரிவில். காற்றே இல்லை. ஆனாலும் புல் சாய்ந்தது.

தோள்கள் இரண்டிலும் கைகள் விழுந்தன. அழுத்தவில்லை. எழவும் விடவில்லை. கெஞ்சுவதுபோல அவளைத் திரும்ப உட்காரவைத்தன.

அவள் முன்னால் கால்கள் வந்து நின்றன. வெடித்த குதிகால்கள். மெட்டி போட்ட விரல்கள். எல்லாம் சேர்த்துக் கட்டியவை. யாரும் முண்டவில்லை. வரிசையாகக் காத்திருந்தார்கள்.

ஒன்றை அவிழ்த்தாள். ஓடிப் போயிற்று. அடுத்தது முன்னே வந்தது.

அடுத்தது.

அடுத்தது.

பாக்கெட்டில் போன் அடித்து ஓய்ந்தது, அம்மாவாகத்தான் இருக்கும். மறுபடி அடித்தது. பனி விலகவே இல்லை. நகம் பிய்ந்தது. ஈறில் ரத்தம் வந்தது.

இரண்டு சின்னக் கால்கள் நிற்கத் தெரியாமல் தடுமாறி அவள் மடியில் விழுந்தன. உள்ளங்கையில் அடங்குகிற கால்கள். விரலே தெரியாமல் சுற்றியிருந்தார்கள். செவந்தி அவற்றை நெஞ்சோடு அணைத்து, முடிச்சைத் தேடிக் குனிந்தாள். மலை நெடுகப் புல் சாய்ந்துகொண்டே இருந்தது.