ஒண்ணே ஒண்ணுதானே

"நாலு பல்லு சொத்தை. அதுல ரெண்டை எடுத்தே ஆகணும்," என்றார் பல் டாக்டர்.

நாற்காலியில் வாயைத் திறந்தபடி சாய்ந்திருந்தவனுக்கு ஐந்து வயது. வீட்டில் அவனை வாலு என்பார்கள். இப்போது அந்த வால் சுருண்டு கிடந்தது. இடது கன்னம் பந்து போல வீங்கியிருந்தது. மூன்று நாளாகக் காய்ச்சல். பாலைத் தவிர எதுவும் உள்ளே இறங்கவில்லை.

பக்கத்தில் நின்ற அக்காவுக்குப் பதினொரு வயது. வகுப்பில் அவளுக்குக் கடுகு என்று பெயர். ஆள் சின்னது. ஆனால் சூடு பட்டால் வெடித்துவிடுவாள்.

"ஒரு நாளைக்கு எத்தனை மிட்டாய் சாப்பிடறான்?" என்று அம்மாவிடம் கேட்டார் டாக்டர்.

"வீட்டுல நாங்க மிட்டாயே வாங்கறதில்ல டாக்டர்."

டாக்டர் எக்ஸ்ரே படத்தை விளக்குக்கு நேராகப் பிடித்தார். "இந்தப் பல்லைப் பார்த்தா அப்படித் தெரியலையே. ஒவ்வொரு தடவை இனிப்பு உள்ளே போகும்போதும் வாயில இருக்கிற கிருமிங்க அதைத் தின்னு அமிலமா மாத்தும். அந்த அமிலம் அரை மணி நேரம் பல்லை அரிக்கும். அது ஓயறதுக்குள்ள அடுத்த மிட்டாய் போனா, பல்லுக்கு ஓய்வே இல்ல. நீங்கதான் கொஞ்சம் கவனிக்கணும்."

அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

கடுகின் காது சுட்டது. அம்மாவுக்கு ஓர் ஆஸ்பத்திரியின் சலவை அறையில் வேலை. நாள் முழுக்க நின்றபடி படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்க வேண்டும். அவ்வளவு அவசரத்திலும் தினமும் காலையில் வாலுவைப் பிடித்து உட்காரவைத்துப் பல் தேய்த்துவிட்டுத்தான் கிளம்புவார். அந்த அம்மா ஏன் தலைகுனிய வேண்டும்?

முதலில் வீக்கம் குறைய மருந்து. வெள்ளிக்கிழமை பல்லை எடுப்பது என்று முடிவானது.

மறுநாள் கடுகு பள்ளியிலிருந்து தனியாகத் திரும்பினாள். மற்ற நாட்களில் வாலுவும் வருவான். அவன் கடை கடையாக நுழைந்து வெளியே வருவான். அவள் கதைப் புத்தகத்தில் மூழ்கியபடி பின்னால் நடப்பாள்.

சலூன்காரர் கடைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார்.

"எங்கம்மா நம்ம வாலு? அவன் வராம கடையே வெறிச்சுனு கிடக்கு. இந்தா, இதை அவன்கிட்ட குடுத்துடு."

அவர் உள்ளங்கையில் சிவப்புத் தாள் சுற்றிய மிட்டாய் இருந்தது.

"ஓ, நீங்கதானா அது," என்றாள் கடுகு.

"நான் என்னம்மா பண்ணினேன்?"

"அவன் பல்லைக் கெடுத்தீங்க. கன்னம் இவ்ளோ பெருசா வீங்கியிருக்கு. வெள்ளிக்கிழமை ரெண்டு பல்லைப் பிடுங்கப் போறாங்க. டாக்டர் எங்கம்மாவைத்தான் குறை சொல்றாங்க. குடுத்தது நீங்க, திட்டு வாங்கினது அவங்க."

முகமெல்லாம் நுரையோடு உட்கார்ந்திருந்தவர் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார்.

"ஒண்ணே ஒண்ணுதானேம்மா குடுப்பேன்," என்றார் சலூன்காரர். அவர் குரல் உள்ளே போயிருந்தது.

பக்கத்துத் தையல் கடையில் மெஷின் சத்தம் நின்றது. தையல்கார அக்கா வெளியே வந்தார். "என்ன சண்டை? நானும்தான் ஒண்ணு குடுக்கறேன். குழந்தை கையை நீட்டினா இல்லைன்னு சொல்ல முடியுமா? பால் பல்லுதானே, விழுந்து முளைச்சிட்டுப் போகுது."

"கடைவாய்ப் பல்லு தானா விழ இன்னும் அஞ்சாறு வருஷம் ஆகும். அது வரைக்கும் எதால மெல்லுவான்? உங்க கத்திரிக்கோலாலயா?"

தையல்கார அக்காவின் முகம் சிவந்தது. "பெரியவங்ககிட்ட பேசற பேச்சா இது? போ இங்கேருந்து."

கடுகு போனாள். ஆனால் வீட்டுக்கு அல்ல. தெரு முனையில் இருந்த மருந்துக் கடைக்குப் போனாள். கல்லாவின் மேல் கண்ணாடி ஜாடி நிறைய குச்சி மிட்டாய் நின்றது.

"மருந்து விக்கிற நீங்களே என் தம்பிக்கு இதைக் குடுக்கலாமா?"

மருந்துக் கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கேட்டான், குடுத்தேன். உங்க வீட்டுப் பையனை நீங்கதான் பார்த்துக்கணும். தினமும் கூட வர்றது நீதானே?"

கடுகு விருட்டென்று திரும்பி நடந்தாள். கோபம் இன்னும் ஏறியது.

வீட்டில் வாலு போர்வைக்குள் சுருண்டிருந்தான். அம்மா சமையலறையில் இருந்தார். கடுகு பையை வீசிவிட்டு அவன் எதிரே உட்கார்ந்தாள்.

"யார் யார் உனக்கு இனிப்பு குடுக்கறாங்க? ஒருத்தர் விடாம சொல்லு."

வாலு விரல்களை மடக்கினான். அவனுக்கு அது பெருமையான கணக்கு. "ஸ்கூல் வாட்ச்மேன் தாத்தா ஒண்ணு. சலூன் மாமா ஒண்ணு. தையல் அத்தை ஒண்ணு. மருந்துக் கடை மாமா ஒண்ணு. மாடி வீட்டு அக்கா ஒண்ணு." ஒரு கை முடிந்தது. அடுத்த கையின் கட்டைவிரலை மடக்கினான். "அப்புறம் நீ."

"நானா? நான் எப்போடா குடுத்தேன்?"

"வீட்டுக்கு வந்ததும் குடுப்பியே, க்ரீம் பிஸ்கட். 'இதைத் தின்னுட்டு வாயை மூடிக்கிட்டு உக்காரு, நான் படிக்கணும்'னு."

கடுகு எழுந்து ஜன்னலுக்குப் போனாள். பிறகு கதவுக்கு. பிறகு மறுபடி ஜன்னலுக்கு. இத்தனை நேரம் ஊரெல்லாம் சுற்றித் திட்டியாகிவிட்டது. இனி யாரைத் திட்டுவது? வாலுவின் வீங்கிய கன்னத்தைப் பார்க்கப் பார்க்கத் தன் தலையிலேயே குட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

அடுத்த நாள் மாலை அம்மாவிடம் கேட்டு எக்ஸ்ரே படத்தை எடுத்துக்கொண்டு சலூனுக்குப் போனாள்.

"மாமா, நேத்து நான் கத்தினது தப்பு. ஆனா சொன்ன விஷயம் தப்பில்ல. நானும் தினமும் ஒண்ணு குடுத்திருக்கேன். கத்தும்போது அது எனக்குத் தெரியாது."

சலூன்காரர் கையைத் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கினார். வெளிச்சத்தில் பிடித்தார். வெள்ளைப் பற்களுக்கு நடுவே கறுப்பாகப் பள்ளங்கள்.

"இதுல என்னோடது எதும்மா?" என்றார் மெதுவாக.

"தனியாப் பிரிக்க முடியாது மாமா. எல்லாரும் ஆளுக்கு ஒண்ணுதான் குடுத்தோம். அவனுக்கு ஒரு நாளைக்கு ஆறு."

அவர் படத்தை மறுபடி ஒருமுறை பார்த்தார். பிறகு, "அவன் வந்தா சும்மா எப்படி அனுப்பறது? மனசு கேக்காதே," என்றார்.

"உங்க தண்ணி தெளிக்கிற பாட்டில் மேல அவனுக்கு ரொம்ப நாளா ஒரு கண்ணு."

சலூன்காரர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்தபடியே படத்தோடு பக்கத்துக் கடைக்குப் போனார். "அக்கா, ஒரு நிமிஷம் மெஷினை நிறுத்துங்க. இதைப் பாருங்க."

தையல்கார அக்கா பார்த்தார். கடுகு அவரிடமும் மன்னிப்புக் கேட்டாள். "கத்திரிக்கோல்னு சொன்னதுக்கு மட்டும்," என்று சேர்த்துக்கொண்டாள்.

"வாய் மட்டும் குறையலை உனக்கு," என்றார் அக்கா. ஆனால் மேஜை மேலிருந்த மிட்டாய் டப்பா இழுப்பறைக்குள் போய்விட்டது.

வாட்ச்மேனும் மாடி வீட்டு அக்காவும் உடனே ஒத்துக்கொண்டார்கள். மருந்துக் கடைக்காரர் மட்டும், "இதெல்லாம் பார்க்க எனக்கு நேரமில்லம்மா," என்று படத்தைத் தள்ளிவிட்டார்.

கடுகுக்கு ஒரு சூடான பதில் நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டாள். "சரி. ஆனா என் தம்பி கேட்டாலும் குடுக்காதீங்க. நான் கூடவேதான் இருப்பேன்."

வெள்ளிக்கிழமை வாலுவுக்கு ஈறில் ஊசி போட்டு இரண்டு பற்களையும் எடுத்தார்கள். அவன் அக்காவின் விரல்களை நசுக்கிப் பிடித்திருந்தான். வலித்தது. அவள் கையை இழுக்கவில்லை. டாக்டரிடம் ஒன்று மட்டும் சொன்னாள்: "எங்கம்மா குடுக்கலை டாக்டர். அம்மாவைத் தவிர மத்த எல்லாரும் குடுத்திருக்கோம்."

டாக்டர் அம்மாவின் பக்கம் திரும்பினார். "நான் அவசரப்பட்டுட்டேன். மன்னிச்சுக்கோங்க," என்றார்.

அதற்குப் பிறகு கடுகு தெருவில் நடக்கும்போது புத்தகத்தைப் பைக்குள் வைத்துவிடுவாள். வாலு சலூன் கண்ணாடி முழுவதும் தண்ணீர் தெளிப்பான். துடைத்தும் கொடுப்பான். தையல் கடையில் பட்டன்களை நிறம் பார்த்துப் பிரிப்பான். மருந்துக் கடை வந்ததும் அக்கா அவனை எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டு போவாள். அந்தக் கடைக்காரரை அவள் ஏறிட்டும் பார்ப்பதில்லை.

இரண்டு மாதம் போனது. ஒரு நாள் அந்தக் கடையிலிருந்து குரல் வந்தது.

"ஏம்மா, இங்க வாயேன்."

கல்லாவின் மேல் ஜாடி இல்லை. வாசலில் ஒரு புது எடை மெஷின் நின்றது.

"போன வாரம் ஒரு சின்னக் குழந்தை மருந்துக்கு வந்துது. உன் தம்பிக்கு வீங்கின மாதிரியே கன்னம்," என்றார் கடைக்காரர், மெஷினைத் துடைத்தபடி. "ஏறச் சொல்லு அவனை. இந்தத் தெருப் பிள்ளைங்களுக்கு இலவசம்."

கடுகு அவரை முறைத்துப் பார்த்தாள். அதற்குள் வாலு ஏறிவிட்டான். "அக்கா, நீயும் வா."

"ஒருத்தர்தான் ஏறணும்," என்றார் கடைக்காரர்.

கடுகு செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, தம்பியைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள்.

"பரவாயில்ல," என்றாள். "ரெண்டு பேர் எடையையும் சேர்த்தே சொல்லுங்க."