நுனி மாற்றும் நேரம்

"டீயை மூடி வை. நுனியை மாத்திட்டு வந்துடறேன்."

தையல்காரர் தன் மனைவியிடம் கடைசியாகச் சொன்னது அதுதான்.

நாளெல்லாம் துணி வெட்டி அலுத்து, பொழுதுபோக்காக இரும்பு வெட்டியவர். கொல்லை ஷெட்டில் ஒரு பிளாஸ்மா கட்டர். கையில் பிடிக்கும் அதன் டார்ச்சின் நுனியில் மின்தீ பாய்ந்து இரும்பை அறுக்கும்; நுனி தேய்ந்தால் மாற்ற வேண்டும். கடையில் இருந்ததிலேயே விலை குறைந்தது.

அலறல்!

அவள் ஓடினாள்.

மெஷினின் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் மூச்சு நின்றிருந்தது.

இரண்டு நாள் கழித்து...

கூடத்தில் இன்ஸ்பெக்டர். எதிரே அவள். நிலைப்படியில் சாய்ந்தபடி, எலக்ட்ரீஷியனான கொழுந்தன்.

"நுனி மாத்தும்போது விசையில விரல் பட்டிருக்கு. கரண்ட் வந்திருக்கக் கூடாதும்மா. வந்திருக்கு!" என்றார் இன்ஸ்பெக்டர். "மெஷின் உள்ளே யாரோ கை வெச்சிருக்காங்க. எப்படின்னு நாங்க வெளியில சொல்லலை. வீட்ல இருந்தது நீங்க மட்டும்தான்."

"நானா சார்?"

"பின்னே யாரு, பக்கத்து வீட்டுப் பூனையா?" கொழுந்தன் சீறினான். "மேனுவலை வரி வரியாப் படிச்சு அண்ணனுக்குச் சொன்னதே இவங்கதான் சார். எல்லாம் அத்துப்படி!"

"இவங்க ஜெயிலுக்குப் போனா இந்த வீடு யாருக்கு?" இன்ஸ்பெக்டர் அவன் பக்கம் திரும்பினார்.

"எனக்குத்தான். அதுக்கென்ன இப்போ?"

"ஷெட்டுக்கு நீங்க கடைசியா எப்போ போனீங்க?"

"மெஷின் வாங்கின அன்னிக்கு. நான்தான் பிரிச்சு மாட்டிக் குடுத்தேன். அப்புறம் வீட்டை விக்கறதுல சண்டை. ஒரு மாசமா அண்ணனோட பேச்சே இல்லை. நல்லா எழுதிக்குங்க!"

இன்ஸ்பெக்டர் நன்றாகவே எழுதிக்கொண்டார்.

"கிளம்புங்கம்மா. மிச்சத்தை ஸ்டேஷன்ல பேசிக்கலாம்."

எழுந்தாள். வாசலில் ஜீப்பின் கதவு திறந்தே இருந்தது.

கொழுந்தனுக்கு அதுவும் போதவில்லை!

"பாவி! நுனி மேல இருக்கற மூடியைக் கழட்டினா ரெண்டு பின்னும் தொடர்பு விட்டுப் போய் மெஷின் நின்னுடும்னு நம்பித்தானே அண்ணன் கையை வெச்சான்? பின்னுக்குப் போற ரெண்டு ஒயரையும் சேத்து முறுக்கிட்டியே!"

அவள் நின்றாள். மெல்லத் திரும்பினாள்.

"எந்த ரெண்டு பின்?"

"அடேங்கப்பா, நடிப்பு! டார்ச் தலையில இருக்கே, அது!"

அவள் அலமாரி மேலிருந்த அட்டைப்பெட்டியை எடுத்து மேஜையில் கவிழ்த்தாள். கறுப்பு டார்ச் ஒன்று உருண்டது.

"மெஷினோட வந்த டார்ச் இதுதான் சார். மூடியைக் கழட்டிப் பாருங்க."

கழற்றினார்.

வழுவழு... ஒரு பின்கூட இல்லை!

"விலை கம்மின்னா இந்தப் பாதுகாப்பும் கிடையாது சார். மேனுவலைப் படிச்சதும் எனக்குப் பகீர்னுச்சு. பின் வெச்ச வேற டார்ச் வாங்கி மாத்தச் சொல்லி உயிரை எடுத்தேன். போன செவ்வாய்க்கிழமை மாத்தினார். ஞாயித்துக்கிழமை செத்துட்டார். அந்த டார்ச் உங்க லேப்ல இருக்கு."

கொழுந்தனைப் பார்த்தாள்.

"ஒரு மாசமா நீ வரலை. பேசலை. போன செவ்வாய்க்கிழமை வந்த பின்னை எப்போப்பா பாத்தே?"

"அது... அண்ணன் போன்ல..."

"பேச்சே இல்லைன்னு நல்லா எழுதிக்கச் சொன்னீங்களே!" இன்ஸ்பெக்டர் நோட்டைத் தட்டினார்.

கொழுந்தன் பாய்ந்தான்... வாசல் கான்ஸ்டபிளின் கைகளுக்குள்ளேயே!

"நீ வாங்கின மட்டமான மெஷின்தான்டி அவனைக் கொன்னுது!" ஜீப் வரை கத்திக்கொண்டே போனான்.

ஷெட்டில், பாதி வெட்டிய இரும்பு மீன் வால் இல்லாமல் அப்படியே கிடந்தது.

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

"இனிமேலாவது கொஞ்சம் விலை கூடினதா வாங்குங்கம்மா."

"மெஷினைக் குத்தம் சொல்லாதீங்க சார். அதுக்கு டார்ச்சை மாத்த முடிஞ்சுது. அவர் கூடப்பிறந்ததுக்குத்தான் எந்தக் கடையிலயும் உதிரிபாகம் கிடைக்கலை!"